செண்பக நகரில் திருடு போகாதவை

அத்தியாயம் 4

இவன்தான் திருடன் என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்த நினைப்பு வந்ததும் சந்திரகலாவுக்குத் தன்மேலேயே கூச்சமாக இருந்தது. லாக்கப் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் குந்தியிருக்கிறான். இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள், சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுப்பதைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷம் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்து எத்தனையோ பொய்களைக் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தவள் அவள். அதன் பிறகுதான் திருவண்ணாமலை தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டினாள். பொய் சொல்கிறவனின் முகம் அவளுக்குப் பழக்கம். சின்னசாமியின் முகத்தில் அது இல்லை. அதுதான் தொந்தரவு.

"விடியக்காலையில செண்பக நகர்ல கடப்பாரையோட உங்களுக்கு என்ன வேலை?"

"கெணறு வெட்டறவன் கடப்பாரை இல்லாம இன்னாத்தைங்க எடுத்துக்கினு போறது?" என்றார் சின்னசாமி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அடி அண்ணாமலைக்காரர். "அங்க கடைசி மனையில புது வூடு கட்டறாங்க. ஒரு மாசமா அதே வழியாத்தான் போறேன், அதே வழியாத்தான் வர்றேன். இன்னிக்குதான் என்னைப் பார்த்த மாதிரி புடிச்சாங்க."

"திருடு நடந்த அன்னிக்கு ராத்திரியெல்லாம் எங்க இருந்தீங்க?"

"ரெண்டு மாசத்துல மூணு ராத்திரி. எதுன்னு சொல்லுங்க. எல்லா ராத்திரியும் வூட்லதான் படுத்துக்கினு இருந்தேன். சாட்சிக்கு என் பொண்டாட்டி ஆராயி இருக்கா. அவ சொன்னா எழுதிக்குவாங்களா?"

பின்னால் மேஜையருகில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி சிரித்தார்.

"கேட்டீங்களா? செண்பக நகர் சங்கத்துச் செகரட்டரி அப்பாதுரை சார் உங்களை ஏற்பாடு பண்ணியிருக்காரேன்னு உள்ள விட்டேன். சாமான் எங்கன்னு அவன் வாயால நீங்க வாங்கிட்டா நல்லது. நாளைக்குக் காலையில மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்குள்ள இன்னும் ஒரு ராத்திரி இருக்கு. எங்க ஆளுங்க அவங்க முறையில கேப்பாங்க."

சின்னசாமி இதைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். உள்ளங்கைகளை மெல்ல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார்.

சந்திரகலா மணியைப் பார்த்தாள். மூன்றேகால்.

*

வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரின்மேல் சாய்ந்து நின்றிருந்தார் ராஜமாணிக்கம். அவளுடைய உதவியாளர். பதினெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் வாயைத் தாங்க முடியாமல் முதலாளி பஸ்ஸையே விற்றுவிட்டதாக ஊரில் பேச்சு.

"இன்னா மேடம், டிக்கெட் கிழிச்சாச்சா? ஏறினவன் எங்க இறங்கணும்னு சொன்னானா?"

"அவர் ஏறவே இல்லைன்னு தோணுது கண்டக்டரே."

"அப்ப பஸ்ஸு காலியா ஓடுதா?"

அவள் புகார்களின் நகலைப் பிரித்தாள். வேங்கிக்கால் ஏரியைத் தாண்டி, நாலைந்து வருஷத்துக்கு முன் புஞ்சையாக இருந்த இடத்தில் மனை போட்டு எழுந்தது செண்பக நகர். நாற்பது வீடு. ரெண்டே மாதத்தில் அங்கே மூன்று வீட்டில் திருட்டு. மூன்றிலும் பின்கதவுத் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத இரவுகள்.

"படிங்க மேடம், நானும் கேட்டுக்கறேன்."

"ராஜம்மாள் வீடு. டிரான்சிஸ்டர் ஒண்ணு, ஃபிளாஸ்க் ஒண்ணு, எவர்சில்வர் தட்டு ஆறு. எல்லம்மாள் வீடு. சுவர்க் கடிகாரம் ஒண்ணு, டிபன் கேரியர், இஸ்திரிப் பெட்டி. உண்ணாமலை வீடு. டார்ச் லைட், டேபிள் ஃபேன், வாயில் புடவை ரெண்டு."

ராஜமாணிக்கம் தலையைச் சாய்த்தார். "வாயில் புடவையா? பீரோவைத் தொறந்தவன் பட்டுப் புடவையைத் தள்ளிட்டு வாயிலை எடுத்தானா? கட்டிக்க லேசா இருக்கும்னு யோசிச்சிருப்பான்."

"மூணு லிஸ்டையும் நல்லாப் பாருங்க. இதுல எது இல்லை?"

"தங்கம் இல்லை. அதை ஊருக்குப் போகும்போது கழுத்துல போட்டுக்கினு போயிருப்பாங்க."

"அது சரி. வேற?"

அவர் விரல்விட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல, "விளக்கு இல்லை," என்றார். "வெள்ளிக் குங்குமச்சிமிழ் இல்லை. பூஜை மணி கூட இல்லை. பித்தளைக் குத்துவிளக்கு எடைக்குப் போட்டாலே ஃபிளாஸ்கைவிட ஜாஸ்தி வருமே." கொஞ்சம் நிறுத்தினார். "திருடன் ரொம்ப மரியாதைக்காரன் மேடம். பூஜை ரூமுக்கு வெளியே செருப்பை மட்டும் கழட்டல. கையையும் கழட்டி வச்சிட்டுப் போயிருக்கான்."

"ஒரு வீட்ல அப்படின்னா பக்தி. மூணு வீட்லயும்னா?"

அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டாளா, தன்னிடம் கேட்டுக்கொண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மரத்தின் மறுபக்கம் ஒரு பெண் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிப்போயிருக்கும். ஆராயியாகத்தான் இருக்க வேண்டும். சந்திரகலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்க கண்டக்டரே," என்றாள் சந்திரகலா.

"ரைட்," என்று ஸ்கூட்டரை உதைத்தார் ராஜமாணிக்கம்.

*

செண்பக நகரின் நுழைவாயிலில் மூன்று இரும்புக் கம்பங்கள் புதிதாக நடப்பட்டிருந்தன. அடியில் சிமென்ட் ஈரம் இன்னும் காயவில்லை. மேலே கம்பியும் இல்லை, விளக்கும் இல்லை. அதற்குப் பக்கத்தில் போலீஸ் ரோந்துக் கையெழுத்துப் புத்தகம் வைக்க ஒரு தகரப் பெட்டி.

"திருட்டுக்குப் பிறகு வந்ததா?" என்றாள் சந்திரகலா.

"முதல் திருட்டுக்குப் பெட்டி வந்துச்சு. ரெண்டாவதுக்குக் குழி வெட்டினாங்க. மூணாவதுக்குக் கம்பம்," என்றார் ராஜமாணிக்கம். "டீக்கடையில சொன்னாங்க. நாலாவதா ஒண்ணு நடந்தா பல்பு வந்துடும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ராஜம்மாள் முதல் வீடு. கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"டிரான்சிஸ்டர் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் சந்திரகலா.

"இங்கதாங்க, இந்தப் பலகை மேல."

பலகைக்கு ஒரு முழம் மேலே சுவர்மாடம். அதில் ஒரு அடி உயரத்துக்கு வெள்ளி விளக்கு ஒன்று, துடைத்து, பொட்டு வைத்து. கையை நீட்டினால் டிரான்சிஸ்டருக்கு முன்னால் விளக்குதான் தட்டுப்படும்.

"இதை விட்டுட்டானே?"

"சாமிதான் காப்பாத்துச்சு," என்றாள் ராஜம்மாள் சட்டென்று. பதில் முன்பே தயாராகி, கேள்விக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

சந்திரகலா நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினாள். "ஒரு யோசனை சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. லிஸ்ட் ரொம்பச் சின்னதா இருக்கு. போலீஸ்காரங்க அசட்டையா விட்டுடுவாங்க. இந்த விளக்கையும் போச்சுன்னு எழுதிக்கட்டுமா? எடுத்து உள்ள வச்சுக்குங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

ராஜம்மாளின் கை தானாக வாயைப் பொத்தியது.

"வேணாங்க. விளக்கு போச்சுன்னு வாயால சொல்லவே கூடாது. குடும்பத்துக்கு ஆகாது."

"சரி, விளக்கு வேண்டாம். மிக்சின்னு போட்டுக்கட்டுமா?"

"மிக்சி..." ராஜம்மாள் ஒரு நொடி யோசித்தாள். "அது போட்டுக்குங்க."

ராஜமாணிக்கம் மோரைக் குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த வீட்டுச் சமையலறை வாசலில் அம்மிக்கல் மஞ்சள் ஈரத்தோடு கிடந்தது. மிக்சிக்கான பிளக் பாயிண்ட் கூடச் சுவரில் இல்லை.

சந்திரகலா எதுவும் எழுதாமல் நோட்டை மூடினாள்.

*

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் ராஜமாணிக்கம் தெருவில் நடந்துகொண்டே. "இல்லாத மிக்சியைத் திருடறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்?"

"கொஞ்சம் பேசாம வாங்க."

"பேசாம வந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு திருடனைத் தேடிப் போவது எளிது. அவன் எதிரே இருப்பவன். இப்போது அவள் கண்டுபிடிக்கப்போகிறவர்களோ மோர் கொடுத்து உபசரிக்கிறவர்கள். கண்டுபிடிக்காமல் திரும்பிவிடலாமா என்று ஒரு ஆசை, வெட்கமில்லாமல், அவளோடு கூடவே நடந்து வந்தது. தூரத்தில் மலையின் நிழல் வடக்குச் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தத் தெரு இருட்டிவிடும்.

மூன்றாவது தெருவில் எல்லம்மாள் வீடு. தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள் எல்லம்மாள். சந்திரகலா நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சை இழுத்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைப் பற்றிக் கேட்டாள். டிபன் கேரியருக்கு எத்தனை அடுக்கு என்று கேட்டாள். எல்லம்மாள் நாலு என்றாள், பிறகு மூன்று என்றாள். சந்திரகலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு இரண்டு நிமிஷம். தெருவில் வரும்போதே நான்கரைக்கு ஒற்றை மணிச்சத்தம் ஒன்று இந்த வீட்டுப் பக்கமிருந்து கேட்டிருந்தது.

"கடிகாரம் புதுசா?"

"இல்லைங்க, எங்க மாமனார் வாங்கினது. பெண்டுலம் வச்சது. நல்லா ஓடிக்கினு இருந்துச்சு." எல்லம்மாளின் கண் நிறைந்தது. அந்த ஈரம் உண்மையாகவே இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. எல்லம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். மூன்று. நான்கு. ஐந்து.

ராஜமாணிக்கம் அந்தக் கதவைப் பார்த்தார்.

"கடிகாரத்தை எடுத்துக்கினு போனவன்," என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக, "மணியை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான் போல."

சந்திரகலா எழுந்து அந்தக் கதவைத் திறந்தாள். நெல்மூட்டைகளுக்குப் பின்னால், சுவரில் அவசரமாக அடித்த ஆணியில், கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே, மூட்டைகளுக்கு நடுவில், டிரான்சிஸ்டர், ஃபிளாஸ்க், டேபிள் ஃபேன், மடித்து வைத்த ரெண்டு வாயில் புடவை. மூன்று வீட்டுச் சாமானும் ஒரே அறையில்.

"துணியில சுத்திப் பெட்டியில போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா," என்றாள் சந்திரகலா. அவளுக்கே தன் குரல் களைப்பாக இருந்தது.

"ஓடற கடிகாரத்தை எப்படிங்க நிறுத்தறது?" எல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நின்னுபோன கடிகாரம் வீட்ல இருந்தா வீட்டுக்காரருக்கு ஆகாது. தினம் சாவி குடுத்துக்கினுதான் இருந்தேன்."

*

இவர்கள் கிளம்பியதுமே பயந்துபோன ராஜம்மாள், அதற்குள் ஓடிப்போய் உண்ணாமலையை அழைத்து வந்துவிட்டாள். உண்ணாமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயது. வெள்ளைப் புடவையில் இன்னும் டெட்டால் வாசனை இருந்தது. மற்ற இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. திறந்திருந்த அறையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு சந்திரகலாவை.

"யோசனை என்னோடது. இவங்களை விட்டுடுங்க."

"எதுக்கும்மா இது?"

"ஆடி மாசம் ஒரு நாள் ஏழு மணி பஸ்ஸுல இறங்கி ஏரிக்கரையோரமா நடந்து வந்தேன். இருட்டு. பின்னாலேருந்து ஒருத்தன் புடிச்சான்." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல. "கடிச்சுட்டு ஓடிவந்தேன். கிழிஞ்ச ரவிக்கையோட ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க இருந்தவர் கேட்டார், என்னம்மா போச்சுன்னு. ஒண்ணும் போகல சார்னேன். எதுவும் போகலைன்னா என்னத்த எழுதறது, வீட்டுக்குப் போன்னுட்டார்."

சந்திரகலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லைட்டு கேட்டு சங்கத்துலேருந்து ஆறு மனு போட்டாங்க. உங்க ஏரியாவுல குற்றமே கம்மி, அவசரம் இல்லைன்னு பதில் வந்துச்சு. அப்புறம் ராஜம்மா அக்கா வீட்டு சைக்கிள் நிஜமாவே காணாமப் போச்சு. அதுக்கு மறுநாளே ஜீப் வந்துச்சுக்கா. ஒரு சைக்கிளுக்கு ஜீப் வந்துச்சு." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "அப்பதான் தெரிஞ்சுது, அவங்களுக்கு எதை எழுதத் தெரியும்னு. அதையே குடுத்தோம்."

ராஜமாணிக்கம் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னசாமியைப் பிடிப்பாங்கன்னு நினைக்கலையா?" என்றாள் சந்திரகலா.

"யாரையும் பிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சோம்," என்றாள் ராஜம்மாள். "அவங்க எப்பங்க பிடிச்சிருக்காங்க?"

எல்லம்மாள் கைகூப்பினாள். "இன்னிக்கு திங்கள். வெள்ளிக்கிழமை கம்பி இழுத்து லைட்டு போட்டுடுவாங்க, எழுத்தா வந்திருக்கு. அது எரிஞ்சதும் சாமானையெல்லாம் ஏரிக்கரையில போட்டுட்டு, கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடறோம். கேஸை வாபஸ் வாங்கிக்கறோம்."

"இப்பவே போட்டா?"

"கிடைச்சுடுச்சில்ல, இனி லைட்டு எதுக்குன்னு கம்பத்தோட விட்டுடுவாங்க."

"சாமான் கிடைச்சா அவர் ஒளிச்சு வச்சதுன்னுதாம்மா எழுதுவாங்க. அவரை விடமாட்டாங்க."

எல்லம்மாள் கையை இறக்கினாள். அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை. உண்ணாமலை யோசித்திருந்தாள். அவள் கீழ்உதடு உள்ளே போனதிலிருந்து சந்திரகலா அதைத் தெரிந்துகொண்டாள்.

"விட வைக்க வழி பார்க்கலாம்," என்றாள் உண்ணாமலை. "வக்கீல் வச்சு, எங்க செலவுல. ஆனா இன்னிக்கு நீங்க போய்ச் சொன்னா, பொய்ப் புகார்னு எங்க மேல கேஸு. என் வேலை போகும். இவங்க வீட்டுக்காரங்க இவங்களை என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. லைட்டும் வராது. நாலே நாள், அக்கா. வெறும் நாலு நாள் நீங்க எதுவும் கண்டுபிடிக்காம இருந்தா போதும்."

வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. யாரோ ஒரு பெண் டார்ச் அடித்துக்கொண்டு வேகமாகத் தெருவில் போனாள். அந்த நடை சந்திரகலாவுக்குத் தெரியும். வேகமாக நடக்க வேண்டும், ஆனால் ஓடுவதாகத் தெரியக்கூடாது. இருபத்திரண்டு வயதில் போளூர் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கத்தில் அவளும் அப்படி நடந்திருக்கிறாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எந்த ஸ்டேஷனிலும் அவள் சொன்னதில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உண்ணாமலைக்கு இருந்த துணிச்சல் தனக்கு இல்லாமல் போனதை இத்தனை வருஷம் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இவள் கேட்பது நியாயம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தோடு அவள் சண்டை போடவில்லை. அது சொல்வது உண்மைதான். ஆனால் அதே மனத்தின் இன்னொரு மூலையில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இன்றைக்கு இருட்டு வந்துகொண்டிருக்கிறது. லாக்கப்பில் பல்பு எரியும். அதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

"உனக்கு ஆடி மாசம் நடந்ததை எழுதிக்கொடு," என்றாள் சந்திரகலா. "அதை வாங்கற வரைக்கும் நான் உன்கூட ஸ்டேஷன்ல நிக்கறேன். இன்னிக்கு வாங்கலைன்னா நாளைக்கு. மாஜிஸ்ட்ரேட்கிட்டயும் வர்றேன்."

"அதை யாரும் எழுத மாட்டாங்கக்கா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப?"

உண்ணாமலை அருகே வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டுப் பழகிய கை.

"நீங்களும் ஒரு பொம்பளை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாம இருங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

ராஜமாணிக்கம் எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. அவர் ஸ்டார்ட் செய்யவில்லை, காத்திருந்தார்.

சந்திரகலா அந்தக் கையைத் தன் முழங்கையிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள். "இன்னிக்கு ராத்திரிக்கு முன்னாடி அவர் வெளியே வரணும்."